விரல்களின் தாளத்துக்குக் கதவு திறக்குமா?

கதவருகே பொருத்தியிருக்கும் எண் பலகைக்கு ஒரு பலவீனம் உண்டு. தினமும் ஒரே நான்கு பொத்தான்களை எல்லோரும் அழுத்துவதால் அவை மட்டும் தேய்ந்து பளபளக்கத் தொடங்கும். நான்கும் வெவ்வேறு எண்கள் என்றால், வரிசை தெரியாத திருடன் அதிகபட்சம் 24 முறை முயன்றால் போதும். தேயாத பொத்தானும் காட்டிக்கொடுக்கும். விரல் விட்டுச்சென்ற சூட்டை வெப்பக் கேமராவால் படித்து, அழுத்திய எண்களைக் கண்டுபிடிக்கலாம் என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 2011-இல் செய்துகாட்டினார்கள். எண் கசிந்துவிட்டால், அழுத்துபவர் உரியவரா வேற்றாளா என்று பூட்டுக்குத் தெரியாது.

எண்ணோடு சேர்த்து அதை அழுத்தும் விதத்தையும் கவனித்தால் தெரிந்துவிடும் என்கிறது ஒரு பயோமெட்ரிக் முறை. ஒரு விசையை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறோம், அதை விட்டபின் அடுத்ததைத் தொட எவ்வளவு நேரமாகிறது என்ற இரண்டையும் மில்லிநொடிக் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு விசை அழுந்தியிருக்கும் நேரம் பொதுவாக 100 மில்லிநொடியை ஒட்டியே இருக்கும். அதற்குள் நடப்பதை நாம் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகச் செய்கிறது. அதனால்தான் ஆளுக்கு ஆள் அது வேறுபடுகிறது.

இதைத் தந்தி ஊழியர்கள் கணினிக்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். இண்டியானா பல்கலைக்கழகத்தின் வில்லியம் லோ பிரையனும் நோபிள் ஹார்ட்டரும் 1897-இல் வெளியிட்ட ஆய்வில், கூட வேலை செய்பவர்கள் ஒருவரை அவர் மோர்ஸ் தட்டும் பாணியிலேயே அடையாளம் காண்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் இது உளவுக் கருவியானது. ஜெர்மானியச் செய்தியின் சங்கேதம் புரியாதபோதும், தட்டுபவரின் கையைப் பிரிட்டிஷ் ஒட்டுக்கேட்பாளர்கள் அறிந்திருந்தார்கள். அதே கையின் தாளம் வேறொரு திசையிலிருந்து கேட்டால், அந்தப் படைப்பிரிவு இடம் மாறிவிட்டது என்று பொருள். எதிரி நாட்டுக்குள் அனுப்பும் உளவாளிகளின் கைத்தாளத்தையும் பிரிட்டன் முன்கூட்டியே பதிந்து வைத்தது. பிடிபட்டவரின் கருவியில் வேறொருவர் தட்டினால் கண்டுபிடித்துவிடலாம் என்பது திட்டம்.

அந்தத் திட்டத்தின் ஓட்டையை நெதர்லாந்தில் ஜெர்மானியர்கள் காட்டினார்கள். 1942 மார்ச்சில் ஹூப் லாவர்ஸ் என்ற உளவாளியைப் பிடித்து, அவரையே லண்டனுக்குத் தட்ட வைத்தார்கள். கை அவருடையது, தாளமும் அவருடையது. தான் சிக்கிவிட்டதை உணர்த்த, செய்தியில் வழக்கமாகச் சேர்க்க வேண்டிய ரகசியக் குறியை லாவர்ஸ் விட்டுவிட்டார். லண்டன் அதைப் பொருட்படுத்தவில்லை. தொடர்ந்து பாராசூட்டில் இறங்கிய உளவாளிகள் நேராக ஜெர்மானியரின் கையில் விழுந்தார்கள். பிடிபட்ட சுமார் 50 பேரில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். யாருடைய கை என்பதைத் தாளம் சொல்லிவிடும். அந்தக் கை யாருடைய மிரட்டலுக்குப் பணிந்து தட்டுகிறது என்பதைச் சொல்லாது. மிரட்டப்பட்டவர் ரகசியமாக உதவி கேட்கத் தனி எண் ஒன்றை வைக்காமல் இம்முறையை எந்தக் கதவிலும் பொருத்துவது ஆபத்து என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கணினி விசைப்பலகைக்கு இந்த எண்ணத்தைக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம். அங்கு வேலை செய்த ஒருசில செயலாளர்களை, சில மாத இடைவெளியில் ஒரே பத்திகளை இருமுறை தட்டச்சு செய்ய வைத்து, 1980-இல் அறிக்கை வெளியிட்டார்கள். தட்டச்சில் ஊறிய கைகள், நீண்ட பத்திகள் என்பதால் ஆட்களைப் பிரித்தறிவது சுலபமாக இருந்தது. சிறிய கடவுச்சொல்லுக்கு வரும்போதுதான் சிக்கல். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கெவின் கில்லூரியும் ராய் மேக்ஸியனும் 2009-இல் 51 பேரை ஒரே கடவுச்சொல்லைத் தலைக்கு 400 முறை தட்ட வைத்தார்கள். 14 கணக்கீட்டு முறைகளை ஒப்பிட்டதில், மிகச் சிறந்ததிலும் பிழை விகிதம் 9.6 சதவீதம்.

கதவுக்கு இன்னும் நெருக்கமான சோதனையை அவர்களே 2010-இல் செய்தார்கள். 28 பேர், ஒரே 10 இலக்க எண், வலது ஆள்காட்டி விரல் மட்டும். நன்கு பழகிய தட்டல்களில் 99.97 சதவீத வேற்றாட்கள் சிக்கினார்கள்; உரியவர்களைத் தவறாகத் தடுத்தது 1.51 சதவீதம். ஒற்றை விரலில் இவ்வளவு தெரிவது வியப்புதான். ஆனாலும் நுழைவுக் கட்டுப்பாட்டுக்கான அன்றைய ஐரோப்பியத் தரம் கேட்டது வேறு: உரியவரைத் தடுப்பது ஒரு சதவீதத்துக்குள், வேற்றாளை விடுவது 0.001 சதவீதத்துக்குள். ஆய்வுக்கூடத்து எண் இரண்டாவது அளவில் அதைவிட 30 மடங்கு பின்தங்கியிருந்தது.

500 பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் ஒவ்வொருவரும் நாளைக்கு நான்கு முறை நுழைந்தால், 1.51 சதவீதம் என்பது தினமும் சுமார் 30 முறை யாராவது வாசலில் நிற்பது. ஆய்வுக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து தட்டினார்கள். வாசலில் ஒரு கையில் சாப்பாட்டுப் பை இருக்கும், விரலில் கட்டு இருக்கும், மழையில் நனைந்த அவசரம் இருக்கும்.

ஆகவே பிரதான வாசலில் தாளத்தை மட்டும் நம்பிப் பூட்டுவதை நான் ஏற்கமாட்டேன். சர்வர் அறை, மருந்துக் கிடங்கு போன்ற இடங்களில் எண்ணுக்குப் பின்னால் இரண்டாவது காவலாக வைக்கலாம். எண் சரி, தாளம் வேறு என்றால் உடனே விரட்டாமல் அட்டையைக் கேட்கட்டும், காவலாளியை அழைக்கட்டும். கைரேகையைப்போல இது ஆயுளுக்கும் ஒன்றோடே கட்டிப்போடுவதில்லை என்பதும் நல்லது: எண்ணை மாற்றினால் அதைத் தட்டும் தாளமும் புதிதாகிறது.

பதிவாகும் அளவீடுகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கணினியில் தட்டச்சு செய்பவர்கள் விசையைப் பிடித்திருக்கும் நேரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே ஆரம்பநிலைப் பார்க்கின்சன் நோயாளிகளைப் பிரித்தறிய முடிவதை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். கதவில் தட்டும் சில எண்கள் அந்த அளவுக்குப் பேசாமல் போகலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் தினமும் சேர்ந்துகொண்டே போனால், ஊழியருக்கே தெரியாத நடுக்கம் நிறுவனத்தின் கோப்பில் இருக்கக்கூடும். ஒப்பிடுவதற்கு வேண்டிய சுருக்கக் கணக்கைப் பூட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, மூல அளவீடுகளை உடனே அழிப்பது தொழில்நுட்பத்தில் கடினமில்லை. இந்தப் பூட்டை வாங்கும் நிறுவனங்கள் அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். அங்கு வேலை செய்பவர்களும் அந்த ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்ல வேண்டும்.