பீடித் தட்டும் கணக்குப் புத்தகமும்

நமது கீழப்பாவூர் வட்டாரத்தில் வயல் வேலை ஓய்ந்த நாட்களில் பல குடும்பங்களைத் தாங்கி நிற்பது பெண்களின் பீடித் தொழிலே ஆகும். கடையில் இலையும் தூளும் பெற்று, வீட்டுத் திண்ணையில் சுற்றிக் கொடுத்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுகின்றனர். இதற்கும் அயல்நாட்டுச் சட்டங்களுக்கும் என்ன தொடர்பு என்று உறுப்பினர்கள் வினவலாம்.

1930ஆம் ஆண்டு அமெரிக்கச் சுங்கச் சட்டம், கட்டாய உழைப்பால் உண்டான பொருள்களின் இறக்குமதியைத் தடுக்கிறது. இதன்படி 1999 நவம்பரில், கொத்தடிமைச் சிறுவர் உழைப்பைக் காரணங்காட்டி, மங்களூர் நிறுவனம் ஒன்றின் பீடிகளை அந்நாட்டுச் சுங்கத் துறையினர் தடை செய்தனர். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய இத்தகைய சட்டம் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வரவிருக்கிறது.

நோக்கம் நன்றே. ஆயினும் துறைமுகத் தடை சரக்கை நிறுத்துமேயன்றி, சுற்றும் பெண்ணுக்கு உரிய கூலியையோ, அவர் மகளுக்குப் பள்ளிப் படிப்பையோ தந்துவிடாது. நம் நாட்டுப் பீடியில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே விலைபோவதால் அத்தடையின் வீச்சும் சிறிது. ஆதலால் பாதுகாப்பு நமது சட்டங்களிலிருந்தே வரவேண்டும்.

1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுவோரையும் தொழிலாளராக ஏற்றது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறையில் உள்ளது. 1977இல் வருங்கால வைப்பு நிதி பீடித் தொழிலுக்கும் விரிவாக்கப்பட்டது. வீட்டில் சுற்றுவோர் தம் தொழிலாளர் அல்லர் என்று முதலாளிகள் வழக்காடினர். தரங்குறைந்த பீடியைக் கழிக்கும் உரிமை முதலாளியிடம் இருப்பதே அவருடைய மேற்பார்வைக்குச் சான்று என்று கண்டு, அவ்வாதத்தை உச்ச நீதிமன்றம் 1985இல் தள்ளியது.

ஆனால் உரிமை எழுத்தில் இருந்தால்தான் பயன்படும். ஒருவர் பெயரிலுள்ள புத்தகத்தில் மற்றொருவர் சுற்றிக் கொடுத்தால், உழைத்தவருக்கு வைப்பு நிதியும் இல்லை. அவர் குழந்தைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் இல்லை. சிறுமி சுற்றிய பீடி தாயின் கணக்கில் சேர்ந்தால், எந்த நாட்டுச் சோதனையும் அதனைக் கண்டறியாது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் வார்டில் செய்யத்தக்கவை மூன்று:

1. பீடி சுற்றும் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, அடையாள அட்டை, கணக்குப் புத்தகம், வைப்பு நிதி எண் இல்லாதவர்களைக் குறித்தல்.

2. வாங்கிய இலை, கொடுத்த பீடி, கழிவு, கூலி ஆகியவை அன்றன்றே புத்தகத்தில் ஏறுகின்றனவா என்று பார்த்தல்.

3. பள்ளியை விட்டு நின்ற சிறுமியரை மீண்டும் சேர்த்தல்.

குறைகளைக் கிராம சபையில் தெரிவித்து, தீர்மானத்துடன் தொழிலாளர் துறைக்கு அனுப்புதல் வேண்டும்.

இந்தியா 2004இல் ஏற்ற உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, இத்தொழிலாளருக்கு மாற்றுத் தொழில் காண வழி செய்யுமாறு கூறுகிறது. அந்நாள் வரும்போது யாருக்கு, எத்தனை பேருக்கு என்று கேட்பார்கள். அதற்கு விடை சொல்லும் பட்டியல் நம் பஞ்சாயத்தில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.