சீக்கிரம் பிரேக் பிடித்தால் வேகமாகப் போகலாமா? ஆட்டோகிராஸ் பந்தயத்தின் தலைகீழ்க் கணக்கு!

கார் பந்தயம் என்றதும் நம் மனதில் ஓடும் காட்சி கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு கார்கள் வளைவை நோக்கிப் பாய்ந்து வரும். யார் கடைசி நொடி வரை பிரேக்கைத் தொடாமல் இருக்கிறாரோ, அவர் முந்திவிடுவார். சினிமாவும் ஃபார்முலா 1 ஒளிபரப்பும் சேர்ந்து, 'தைரியம்னா லேட்டா பிரேக் பிடிக்கிறதுதான்' என்று நம்மை நம்பவைத்திருக்கின்றன.

ஆனால், முந்துவதற்குப் பக்கத்தில் காரே இல்லாத பந்தயம் ஒன்று இருக்கிறது. அதில் புதிதாக இறங்குபவரிடம் பயிற்சியாளர்கள் முதலில் சொல்வது இரண்டே விஷயங்கள்தான்: பிரேக்கைச் சீக்கிரம் பிடி, பார்வையைத் தூரத்தில் வை. கேட்க டிரைவிங் ஸ்கூல் அறிவுரை போல இருக்கும். அங்கே நேரத்தைக் குறைப்பது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். எப்படி?

அது என்ன ஆட்டோகிராஸ்?

இந்தப் பெயருக்கு ஊருக்கு ஊர் அர்த்தம் மாறும். பிரிட்டனில் ஆட்டோகிராஸ் என்றால் புல்வெளியிலும் அறுவடை முடிந்த வயலிலும் ஓட்டுவது. இந்தியாவிலும் இந்தப் பெயரில் பல போட்டிகள் மண் தரையில் நடக்கின்றன. நாம் இங்கே பேசப்போவது அமெரிக்க வகை ஆட்டோகிராஸ் பற்றி. பெரிய பார்க்கிங் மைதானமோ, பயன்பாட்டில் இல்லாத விமான ஓடுதளமோ போதும். ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கோன்களை அடுக்கி ஒரு வளைந்த பாதையை அமைப்பார்கள். ஒவ்வொரு காராகத் தனியாக ஓடும். கடிகாரம்தான் எதிராளி.

'காலி ஓடுதளத்தில் பந்தயமா?' என்று ஆச்சரியப்பட வேண்டாம். சென்னைக்கு அருகே சோழவரத்தில் ஒரு தலைமுறையே கார், பைக் பந்தயம் பார்த்தது இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில்தான். அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பு இந்தப் போட்டிகளை 'சோலோ' என்ற பெயரில் நடத்துகிறது. அதன் தேசிய சாம்பியன்ஷிப் 2009 முதல் நெப்ராஸ்கா மாகாணத்தின் லிங்கன் நகரில், முன்னாள் விமானப்படைத் தளம் ஒன்றின் கான்கிரீட் பரப்பில் நடந்துவருகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொள்கிறார்கள். வீட்டிலிருந்து ஆபீஸுக்கு ஓட்டிப்போகும் அதே காரில் வந்து போட்டியிடுபவர்களும் அதில் உண்டு.

ஒரு ஓட்டம் சுமார் ஒரு நிமிடம்தான். பெரும்பாலான கார்களுக்கு இரண்டாவது கியரே போதும். நேரத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளப்பார்கள். ஒரு கோனைத் தட்டி விழவைத்தாலோ, தரையில் வரைந்த கட்டத்தை விட்டு முழுதாக வெளியே தள்ளினாலோ 2 நொடிகள் அபராதம். பாதை தவறினால் அந்த ஓட்டமே கணக்கில் வராது.

இதில்தான் சிக்கலே. தேசியப் போட்டியில் ஒரு பாதையில் கிடைப்பது 3 ஓட்டங்கள் மட்டுமே. முன்கூட்டியே அந்தப் பாதையில் காரை ஓட்டிப் பழக முடியாது. நடந்து பார்க்க மட்டும் அனுமதி உண்டு. வழக்கமான ரேஸ் டிராக்கில் ஒரே வளைவை நாள் முழுக்க ஐம்பது தடவை சுற்றி, பிரேக் பிடிக்கும் இடத்தை அங்குலம் அங்குலமாகத் தள்ளிப் பார்க்கலாம். இங்கே அந்த வசதி கிடையாது. மூன்றே வாய்ப்பில் ஒன்றைத் தப்பாகக் கணித்தாலும் அது பெரிய இழப்பு.

3 மீட்டர் தள்ளிப் பிடித்தால் என்ன ஆகும்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கார் 65 கி.மீ. வேகத்தில் வருகிறது. எதிரே 40 கி.மீ. வேகத்தில் மட்டுமே திரும்பக்கூடிய ஒரு வளைவு. உலர்ந்த தார்த் தரையில் நல்ல டயர்களோடு முழு பலத்தில் பிரேக் பிடித்தால், 65-லிருந்து 40-க்கு இறங்க சுமார் 11.5 மீட்டர் தேவை.

இப்போது ஓட்டுநர் 3 மீட்டர் தள்ளி பிரேக் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹேட்ச்பேக் காரின் நீளத்தைவிடக் குறைவான தூரம்தான். அவர் வளைவை அடையும்போது வேகம் 40 இல்லை, கிட்டத்தட்ட 48. அந்த வேகத்தில் அதே டயர்களால் 14 மீட்டர் ஆரத்தில் திரும்ப முடியாது. வட்டத்தின் ஆரம் 20 மீட்டராக விரிந்துவிடும். அதாவது, திரும்ப வேண்டிய கோனை விட்டுக் கார் விலகிப்போய்க்கொண்டே இருக்கும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிப்பார். முன் டயர்கள் கிறீச்சிடும். வண்டி கேட்காது.

சரி, இவ்வளவு ரிஸ்க் எடுத்ததில் லாபம் எவ்வளவு? பிரேக் பிடிக்கும் பகுதியில் மிச்சமாவது அதிகபட்சம் 0.08 நொடி. நஷ்டம்? அகலமாகப் போன காரை இழுத்துப் பிடித்து வளைவை விட்டு வெளியே வரும்போது வேகம் 40-க்குப் பதில் 37 ஆகக் குறைந்திருந்தால், அடுத்து வரும் 60 மீட்டர் நேர்ப்பாதையில் மட்டுமே சுமார் 0.14 நொடி போய்விடும். சுற்றிப்போன கூடுதல் தூரம் தனி. கோன் ஒன்று விழுந்தால் 2 நொடி என்பது அதற்கும் மேலே.

புதியவர்களை ஏமாற்றுவது இந்த லாப நஷ்டம் வேறு வேறு இடத்தில் வருவதுதான். லேட்டாக பிரேக் பிடிப்பது உடம்பில் தெரியும்: சீட் பெல்ட் நெஞ்சை அழுத்தும், டயர் கத்தும், 'செம ஓட்டம்' என்று தோன்றும். நஷ்டமோ அடுத்த நேர்ப்பாதையில், சத்தமே இல்லாமல் நடக்கும். அதனால்தான் 'இந்தத் தடவை பயங்கரமா போனேன்' என்று காரை விட்டு இறங்குபவர், முந்தைய ஓட்டத்தைவிட அரை நொடி அதிகமாகியிருப்பதைப் பார்த்து முழிக்கிறார். நன்றாக ஓட்டுபவரின் ஓட்டம் வெளியிலிருந்து பார்க்கக் கொஞ்சம் போரடிக்கவே செய்யும்.

சீக்கிரம் பிடி, ஆனால் மெதுவாகப் பிடிக்காதே

'சீக்கிரம் பிரேக்' என்றதும் பலர் செய்யும் குழப்பம் ஒன்று உண்டு. தூரத்திலேயே காலை லேசாக வைத்து, தேய்த்துத் தேய்த்து வேகம் குறைப்பது. அது வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது சரி. இங்கே வேண்டியது, முன்னதாகவே தொடங்கி, பலமாக அழுத்தி, சீக்கிரம் முடித்துவிடுவது. வளைவு தொடங்கும் முன்பே வேகம் குறைக்கும் வேலை முடிந்திருக்க வேண்டும்.

காரணம் டயர். தரையோடு ஒரு டயர் தொடும் இடம் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவுதான். அதன் பிடிமானத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. பிரேக், திருப்பம், ஆக்சிலரேட்டர் மூன்றும் அந்த ஒரே கணக்கிலிருந்துதான் பணம் எடுக்கின்றன. முழுப் பிடிமானத்தையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால், திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. பிரேக்கை முழுதாக மிதித்தபடி ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது கார் நேராகவே போக அடம்பிடிப்பது இதனால்தான். ஏ.பி.எஸ். இருக்கும் காரில் சக்கரம் பூட்டிக்கொள்ளாது, அவ்வளவுதான். பிடிமானத்தின் எல்லையை அது கூட்டித் தராது.

இன்னொரு விஷயம். பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாயும், பின்பக்கம் லேசாகும். முன் டயர்கள் தரையை நன்றாகக் கவ்வும். அந்த நேரத்தில் பிரேக்கிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை வெடுக்கென ஒடித்தால், எடை ஊஞ்சல் போல ஆடும். பதற்றத்தில் லேட்டாக பிரேக் பிடிப்பவர்கள் செய்வது பெரும்பாலும் இதுதான். முன்னதாகவே முடித்தவருக்கு, காலை நிதானமாகத் தளர்த்த அவகாசம் இருக்கிறது. கூடவே இன்னொரு அவகாசமும் கிடைக்கிறது: தலையை நிமிர்த்தி அடுத்தது என்ன என்று பார்க்க.

கண் எங்கே போகிறதோ...

சைக்கிள் கற்றுக்கொண்ட எல்லோருக்கும் இது தெரியும். 'பள்ளம், பள்ளம்' என்று பார்த்துக்கொண்டே போனால் சரியாக அந்தப் பள்ளத்தில்தான் விடுவோம். விமானிகள், பைக் ஓட்டுபவர்கள் மத்தியிலும் பேசப்படும் பிரச்னைதான். ஆட்டோகிராஸில் பள்ளத்துக்குப் பதில் கோன். 'இதை இடிச்சிடக் கூடாது' என்று முறைத்துப் பார்க்கும் கோன்தான் முதலில் விழும்.

வளைவில் ஓட்டுநர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்பதை மைக்கேல் லேண்ட், டேவிட் லீ என்ற இரு ஆய்வாளர்கள் அளந்து 1994-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். வளைவின் உள்பக்க விளிம்பு ஓட்டுநரை நோக்கி அதிகமாகத் துருத்திக்கொண்டு தெரியும் புள்ளி ஒன்று உண்டு. வளைவுக்கு 1 முதல் 2 நொடிகளுக்கு முன்பே கண் அந்தப் புள்ளியைத் தேடிப் போய்விடுகிறது என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. பின்னர் 2001-ல் லேண்ட், பெஞ்சமின் டாட்லர் என்பவரோடு சேர்ந்து டோமஸ் ஷெக்டர் என்ற ரேஸ் டிரைவரின் கண், தலை அசைவுகளைப் பந்தயப் பாதையில் பதிவுசெய்தார். ஷெக்டரின் தலை எந்த அளவு திரும்புகிறதோ, சுமார் ஒரு நொடி கழித்து கார் அதற்கேற்பத் திரும்பியது. கையைவிடத் தலை முந்திக்கொண்டது.

60 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு சுமார் 17 மீட்டர். 10 மீட்டர் தூரத்தில் இருக்கும் கோனைப் பார்ப்பவருக்குக் கையில் இருப்பது 0.6 நொடி. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை திரும்பி, அதன்பின் டயர் வளைந்து கார் திரும்பத் தொடங்குவதற்குள் அந்த 0.6 நொடியில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அவர் காரை ஓட்டுவதில்லை, வந்து விழும் கோன்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். பார்வையை 30 மீட்டருக்குத் தள்ளினால் கிட்டத்தட்ட 1.8 நொடி கிடைக்கும்.

இதை அதிகம் சோதிப்பது ஸ்லாலம். வரிசையாக நிற்கும் கோன்களுக்கு இடையே பாம்பு போல வளைந்து போகும் பகுதி. இங்கே ஒரு கோனில் தாமதமானால் அடுத்ததில் இன்னும் தாமதம், அதற்கடுத்ததில் இன்னும். வட்டிக்கு வட்டி போல ஏறி, ஐந்தாவது கோனில் மாட்டிக்கொள்வார்கள். பக்கத்தில் இருக்கும் கோனைப் பார்க்காமல், இரண்டு கோன் தள்ளிப் பார்ப்பதுதான் இதற்கு வழி. 'பக்கத்துல இருக்கறத பார்க்கலைன்னா இடிச்சிட மாட்டோமா?' என்ற பயம் நியாயமானதே. ஆனால், ஏற்கெனவே பார்த்துவிட்ட கோன் எங்கே நிற்கிறது என்பது ஓரக்கண்ணுக்குப் போதுமான அளவு தெரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் பஸ் ஓட்டுபவரைக் கவனித்தால் புரியும். ஸ்டீயரிங் திரும்பும் முன்பே அவர் தலை பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக மேலே வரப்போகும் சாலையைப் பார்த்திருக்கும்.

புதியவர்களோடு பயிற்சியாளர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவது இந்தப் போட்டிகளில் சகஜம். ஒரு நிமிட ஓட்டத்தில் அவர்கள் வாயிலிருந்து அதிகம் வருவது 'பார், பார், அடுத்தது பார்' என்பதுதான். அதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் வேகம் கூடக் கூடக் கண் தானாகவே பானெட்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும்.

வேலை நடைபயணத்தில் தொடங்குகிறது

தெரியாத இடத்தைக் கண்ணால் தேட முடியாது. அதனால்தான் போட்டிக்கு முன் பாதையை நடந்து பார்ப்பதற்கு இவ்வளவு முக்கியத்துவம். நண்பர்களோடு அரட்டை அடித்தபடி ஒரு சுற்று நடப்பது எதற்கும் உதவாது. அனுபவசாலிகள் குறைந்தது இரண்டு மூன்று முறை நடக்கிறார்கள். சிலர் குனிந்து, கார் சீட்டின் உயரத்திலிருந்து பார்க்கிறார்கள். நின்றபடி பார்க்கும்போது தெளிவாகத் தெரியும் பாதை, உட்கார்ந்து பார்த்தால் வெறும் ஆரஞ்சுக் கடலாகத் தெரியும் என்பதால்தான்.

நடக்கும்போதே ஒவ்வொரு பெரிய வளைவுக்கும் பிரேக் பிடிக்கும் இடத்தை ஏதாவது ஒரு கோனோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம். முதல் ஓட்டத்தில் அதற்கும் ஒரு கார் நீளம் முன்னதாகவே பிடிப்பது பாதுகாப்பான தொடக்கம். வளைவுக்குள் 'இன்னும் வேகமா வந்திருக்கலாம்' என்று தெளிவாகத் தோன்றினால், அடுத்த ஓட்டத்தில் கொஞ்சம் தள்ளிக்கொள்ளலாம். தலைகீழாக முயன்றால், அதாவது லேட்டாகத் தொடங்கி முன்னே இழுக்கப் பார்த்தால், எவ்வளவு தப்பு என்றே தெரியாது. கார் அகலமாகப் போனது மட்டும்தான் நினைவிருக்கும்.

அப்போ சாம்பியன்கள் லேட்டாகப் பிடிப்பதே இல்லையா?

பிடிக்கிறார்கள். வளைவுக்குள் நுழையும்போதும் பிரேக்கை முழுதாக விடாமல், ஸ்டீயரிங் திரும்பத் திரும்பக் காலைப் படிப்படியாகத் தளர்த்துவார்கள். இதற்கு டிரெயில் பிரேக்கிங் என்று பெயர். டயரின் பிடிமானத்தை பிரேக்கிலிருந்து திருப்பத்துக்குத் துளித்துளியாக மாற்றிக்கொடுக்கும் வேலை அது. சரியாகச் செய்தால், நேர்கோட்டிலேயே பிரேக்கை முடிப்பதைவிட வேகமானது. முன்பக்கம் எடை இருப்பதால் கார் திரும்பவும் எளிதாக இருக்கும்.

ஆனால், அதைச் செய்ய வளைவு எங்கே முடிகிறது என்பது முன்பே கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கால், மில்லிமீட்டர் கணக்கில் தளரப் பழகியிருக்க வேண்டும். அரை நொடியில் அடுத்த கோன் முகத்துக்கு முன் வந்து நிற்கும் ஒருவருக்கு அந்த அவகாசம் இருக்காது. அவர் முதலில் மிச்சம் பிடிக்க வேண்டிய நேரம் பிரேக் பெடலில் இருக்கும் 0.08 நொடி இல்லை. அதற்குப் பிறகு வரும் 60 மீட்டரில் இருக்கிறது.