ஒளிவழிச் செய்தி

கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே, மூதூருக்கு அணித்தாய் அமைந்த ஊர் கட்டைபறிச்சான். அப்பகுதிக் கரைக்கு ஒளியினாற் செய்தி சொல்லும் கலை புதியதன்று. குடாவின் கிழக்கு முனையில் 19ஆம் நூற்றாண்டிலேயே வெளிச்சவீடு எழுந்தது. குடாவின் வடபால் உள்ள திருக்கோணமலைத் துறைமுகமோ 1957ஆம் ஆண்டுவரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கிற்று. விளக்கை மறைத்தும் திறந்தும் கப்பலுக்குக் கப்பல் மோர்சுக் குறிகளிற் பேசுவது அக்கடற்படையின் வழக்கம். வானொலியிற் பேசினால் தொலைவிலுள்ள பகைவன் செவியிலும் விழும்; விளக்கொளி அவ்வளவு எளிதில் அகப்படாது. ஆயின், கைதேர்ந்தவனும் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் அனுப்புதல் அரிது. கையின் விரைவு அவ்வளவே.

இன்று கையின் இடத்தை மின்னோட்டம் பிடித்துள்ளது. ஒளிகாலும் இருவாயி, அதாவது வீடுகளில் எரியும் எல்.ஈ.டி. விளக்கு, செக்கனுக்குப் பல இலட்சம் முறை மங்கியும் பொலிந்தும் துடிக்கவல்லது. பழைய இழை மின்குமிழால் இது இயலாது. சூடேறிய இழை ஆறுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். செக்கனுக்குச் சில நூறு துடிப்பைக் கடந்தால் மனிதக் கண் அதனை அறியாது. எதிரேயுள்ள ஒளியுணரி மாத்திரம் அவற்றை ஒன்றென்றும் சுழியென்றும் படித்துக்கொள்ளும்.

எனினும், வெள்ளை எல்.ஈ.டி.யில் ஒரு தடையுண்டு. உள்ளே பிறப்பது நீல ஒளி. மேலே பூசிய தூள் அதன் ஒரு பகுதியை உறிஞ்சி மஞ்சளாக வெளிவிடுகின்றது; இரண்டும் கலந்தே வெண்மை உண்டாகின்றது. நீலம் சட்டென அணையும். மஞ்சளோ அடுப்புத் தணல்போல் நின்று மங்கும். ஆகவே ஒரு குறியின் வால் அடுத்த குறியின் தலைமேல் விழுகின்றது. செக்கனுக்குச் சில மில்லியன் துடிப்பிலேயே விளக்குத் திணறிப்போகும்.

பரிகாரம் வியக்கத்தக்க அளவு எளிது. உணரியின் முன் நீலக் கண்ணாடி ஒன்றை வைத்தால் மஞ்சள் தடைப்படும். விரைவு பத்து மில்லியனையும் கடக்கும். ஆனால், அதற்கு விலையுமுண்டு. மஞ்சளோடு ஒளியின் பெரும்பங்கும் போய்விட, தொலைவிலிருந்து வரும் குறி இரைச்சலுள் அமிழ்கின்றது. எனவே, விரைந்த செய்தியொன்றைப் பல மெதுவான கிளைகளாகப் பிரித்து, வெவ்வேறு மீடிறன்களில் ஒருங்கே அனுப்பும் முறையும் கையாளப்படுகின்றது. சிவப்பு, பச்சை, நீல விளக்குகளில் தனித்தனிச் செய்திகளை ஏற்றுவதும் உண்டு. இத்தகைய ஒளித்தொடர்புக்கு ‘லைஃபை’ எனும் பெயரை 2011இல் எடின்பரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹரால்ட் ஹாஸ் உலகறியச் செய்தார்.

சுவரொன்று குறுக்கிட்டால் ஒளி நின்றுவிடும். ஆதலால் வீட்டுக்கு வீடு செய்தி அனுப்ப இது உதவாது. கடலடியிலேதான் இதன் அருமை விளங்கும். வழக்கமான வானொலி அலைகள் உப்புநீரிற் சில மீற்றருக்குள் அவிந்துபோக, தெளிந்த கடலில் நீலப்பச்சை ஒளி பல பத்து மீற்றர் செல்லும். நீர்மூழ்கிக் கருவிகளோடு பேச அதுவே ஏற்றது. கொட்டியாரக் குடாவோ மகாவலி கங்கை கடலிற் கலக்கும் இடம். மாரிவெள்ளம் கொணரும் சேறு ஒளியைச் சிதறடிக்கும். அழுகிய இலைதழையின் சாறு நீலத்தை முதலில் விழுங்கும். அத்தகைய நீரிற் பச்சைக்கு மாறுவதும், விரைவைக் குறைத்துத் தொலைவை வாங்குவதுமே வழி. நீரின் கலங்கலுக்கேற்ப விரைவைத் தாமே தாழ்த்தியும் உயர்த்தியும் கொள்ளும் கருவிகளை ஆய்வாளர் இப்போது பரீட்சித்து வருகின்றனர்.