உழவர் தேவையால் வளர்ந்த வானிலை ஆராய்ச்சிசாலை

கதிர் முற்றியபின் வரும் மழையை ஒரு நாள் முந்தி அறிவது, குடியானவருக்கு ஒரு போகத்தையே காத்துத் தருவதாகும். இவ்வாறு முன்னறிவிக்க மாணவர்களைப் பழக்கும் ஆராய்ச்சிசாலைகள் இன்று பல சர்வகலாசாலைகளில் உள்ளன. அவற்றுள் பலவற்றுக்கு வழிகாட்டியது நார்வே தேசத்துப் பெர்கன் நகரில் 1917-ல் ஏற்பட்ட பூபௌதிக ஆராய்ச்சி நிலையமாகும்.

முதல் உலக யுத்தத்தில் நார்வே நடுநிலை வகித்தது. எனினும் அந்நிய தானிய வரவு குன்றி, 1918-ல் உணவுப் பங்கீடு வந்தது. உள்நாட்டு விளைவில் ஒரு பிடியும் மழையில் வீணாகலாகாது என்ற நிலை. பெர்கனிலோ ஆண்டுக்கு 80 அங்குலத்துக்கு மேல் மழை. மேலைக் கடலிலிருந்து வரும் மழையை அறியப் பெரிதும் உதவிய அயல்நாட்டுத் தந்திகளும் யுத்த ரகசியம் கருதி நின்றுபோயின.

நிலையத்தின் பேராசிரியர் வில்ஹெல்ம் பியெர்க்னெஸ், அரசாங்க உதவியுடன் 1918 கோடையில் விவசாயிகளுக்கென வானிலை அறிவிப்பைத் தொடங்கினார். தொலைவுச் செய்தி கிடையாத குறையை, உள்நாட்டில் நோக்கு நிலையங்களை நெருக்கமாக அமைத்து ஈடுசெய்தார். கரையோரத்தார் காற்றின் திசை, மேகம், மழை முதலியவற்றைக் குறித்து அனுப்பினர். பெர்கனில் அவற்றைப் படத்தில் வரைந்து அறிவிப்புச் செய்தவர் பேராசிரியரின் 20 வயதுப் புதல்வர் யாக்கோப். அறிவிப்பும் ஆராய்ச்சியும் ஒரே மேஜையில் நடந்தன.

நெருக்கமான குறிப்புகளால் ஓர் உண்மை புலப்பட்டது. குளிர்காற்றும் வெப்பக்காற்றும் குறுகிய எல்லையில் சந்திக்கின்றன. எடை குறைந்த வெப்பக்காற்று மேலெழுந்து குளிர்ந்து, அவ்வெல்லையை ஒட்டி மழையாகின்றது. எல்லை நகரும் வேகம் தெரிந்தால், எவ்வூரில் எப்பொழுது மழை என்பதைக் கணிக்கலாம். இதனை யாக்கோப் 1919-ல் வெளியிட்டார். போர்முனையை ஒப்பிட்டு இவ்வெல்லைக்கு 'முகப்பு' எனப் பெயரிட்டனர். அங்குப் பயின்ற ராஸ்பி என்பார் பின்னர் அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் இவ்வித்தையைப் பரப்பினார். நிலையம் 1946-ல் பெர்கன் சர்வகலாசாலையைச் சேர்ந்தது.

வங்கக் கடலின் புயல்கள் வேறு இயல்பின. அவற்றில் இத்தகைய முகப்புகள் இல்லை. ஆகவே பெர்கன் முறையை அப்படியே இங்குக் கொள்ள இயலாது. ஆயினும் அதன் அடிப்படை எங்கும் ஒன்றே: நம்பத்தக்க குறிப்பின்றி நம்பத்தக்க அறிவிப்பு இல்லை. மழைமானியைப் பொறுப்பேற்றோர் நாள்தோறும் குறித்த வேளையில் அளவெடுத்தல் வேண்டும். மழையற்ற நாளுக்குச் சைபர் என எழுதுக; பார்க்கத் தவறிய நாளை வெற்றிடமாக விடுக. விட்டுப்போன நாளை ஊகத்தால் நிரப்புவது, அதை நம்பி அறுவடை நாள் குறிக்கும் அயலூர்க் குடியானவரின் களத்தை நனைப்பதற்கு ஒப்பாகும்.