அந்தி நேரத்து வேதபாடம்

மலைநாட்டுத் தோட்டங்களிலே பொழுது புலருமுன்பே நாள் தொடங்கிவிடுகிறது. தாய் கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து மலைக்கு ஏறுகிறாள். தந்தை கவ்வாத்து வெட்டவோ இஸ்டோர் வேலைக்கோ போகிறார். கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவுக்குச் செல்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளையை எழுப்பி, பீலியடியில் முகங்கழுவச் செய்து, ரொட்டி சுட்டுக் கொடுத்து வழியனுப்புகிறவர் யார்? ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் எத்தனையோ லயங்களில் அவர் பாட்டியாரே; அல்லது தாத்தாவே. கிறிஸ்தவக் குடும்பங்களில் தெய்வபக்தியின் முதற்பாடத்தைப் புகட்டும் பொறுப்பும் இவ்வாறே அவர்கள் கைக்கு வந்து சேருகிறது. பொறுப்பு வந்துவிட்டது, அதற்கென ஒதுக்கிய நேரந்தான் இல்லை. இதனைக் குறித்தே சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

தோட்டங்களில் விசுவாசம் வளர்ந்த வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1854ஆம் ஆண்டில் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற பெயரால் ஆங்கிலிக்கன் திருச்சபையார் இங்கு ஊழியத்தைத் தொடங்கினர். அக்காலத்தில் மலைகளில் நின்றது கோப்பிச் செடி. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டது 1867இலேதான். டிக்கோயாவில் வார்லி கிறிஸ்து ஆலயம் எழுந்தது 1878இல். ஹட்டனுக்குப் புகையிரதம் வந்தது 1884இல். பாதைகள் அரியனவாயிருந்த அந்நாளில் உபதேசியார்கள் தோட்டந்தோட்டமாகக் கால்நடையாகவே சென்றனர். ஒரு குருவானவருக்குப் பல தோட்டங்கள். ஆலயம் ஒரு மலையிலும் லயம் வேறொரு மலையிலும். ஒருமுறை வந்து போன உபதேசியார் மறுமுறை வரும்வரை விசுவாசம் அணையாமற் காக்கப்பட்டது எங்கே? அடுப்பங்கரையிலேதான். மிலாறு எரியும் வெளிச்சத்தில் பெரியோர் சொல்லக் கேட்டுப் பிள்ளைகள் மனனம் செய்த செபங்களே அதனைக் காத்தன.

இது புதுமையுமன்று. பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், அவ்வாலிபனுடைய விசுவாசம் முதலில் அவன் பாட்டியாகிய லோவிசாளிடத்தில் குடிகொண்டிருந்ததென்று பெயர் சொல்லியே நினைவுகூர்கிறார். மோசேயும், வீட்டில் இருக்கையிலும் வழியில் நடக்கையிலும் தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குப் போதிக்க வேண்டுமென்று கட்டளையிட்டார். கத்தோலிக்க மக்களோ மார்ச்சு மாதத்திலும் ஆகஸ்டு மாதத்திலும் திருவிழாக் காணும் தலவிலைத் திருத்தலத்தில் இயேசுவின் பாட்டியாரான புனித அன்னம்மாளைப் போற்றுகின்றனர். 2021ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறைப் பாட்டன் பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாக ஏற்படுத்தினார். உலகம் ஒரு நாளில் நினைவுகூரும் இத்தொண்டினை நம் பாட்டிமார் ஆண்டு முழுவதும் ஓசையின்றிச் செய்து வருகிறார்கள்.

எவ்வாறு செய்வது என்று கேட்கும் பெரியோரும் உண்டு. “நாங்கள் படித்தவர்களல்லவே, வேதத்தை விளக்க எங்களால் ஆகுமா?” என்பது அவர்களது தயக்கம். அன்பர்களே, வேதாகமத்தின் சில பகுதிகளைத் தோட்டத்துப் பாட்டியார் அளவுக்கு விளங்கிக்கொண்டவர்கள் வேதசாஸ்திரக் கலாசாலைகளிலும் அரியர் என்பது நமது துணிபு.

திராட்சத் தோட்டத்து வேலையாட்களின் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் வேலைக்கு வந்தவனுக்கும், மாலையில் ஒரு மணி நேரமே உழைத்தவனுக்கும் எசமான் ஒரே கூலியைக் கொடுக்கிறார். “இது நியாயமா?” என்று பேரன் கேட்பான், கேட்கத்தான் வேண்டும். நிறை குறைந்த நாளில் அரைப்பேர் விழுந்து, அந்த அரைச் சம்பளத்தில் முழுக் குடும்பத்துக்கும் உலை வைத்த பாட்டியாருக்கு விடை தெரியும். வேலை கிடைக்காமல் மாலைவரை காத்து நின்றவன் வீட்டிலும் பிள்ளைகள் பசியோடு இருந்திருப்பார்கள் அல்லவா? கடவுள் நிறையை மட்டும் பார்ப்பவரல்லர், வயிற்றையும் பார்ப்பவர் என்று அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அவர் சொல்லிவிடலாம். அப்பிள்ளை அதனை ஆயுள் முழுவதும் மறவான்.

ரூத்தின் சரிதையும் அத்தகையதே. பிழைப்புத் தேடி அயல்நாடு சென்ற குடும்பம், வயலில் கதிர் பொறுக்கும் இளம் விதவை, அவளைத் தாங்கும் மாமியார் நகோமி. முடிவிலே பிறந்த குழந்தையை எடுத்துத் தன் மடியில் வைத்து வளர்க்கிறாள் அந்த மூதாட்டி. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாய் மாத்தளை நோக்கி நடந்த முன்னோரின் கதையை இதனோடு சேர்த்துச் சொல்லுங்கள். அவ்வழியை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்ததையும் சொல்லுங்கள். வேதம் தன் குடும்பத்தின் கதையோடு பேசுகிறதென்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.

நம் குடும்பங்கள் பிரிவினையையும் நன்கறிந்தவை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தாத்தா இங்கும் பேரன் அங்குமாகப் பிரிந்த வீடுகள் பல. எஞ்சி நின்ற நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே குடியுரிமை அளித்தது. இன்று பிரிவு வேறு உருவில் வருகிறது. தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுவேலையிலும், தந்தை கொழும்பில் கடையிலும் இருக்க, பிள்ளை பாட்டியாரோடு இருக்கிறது. இத்தகைய வீட்டில் இராச்செபத்தின்போது தொலைவில் இருப்போரின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டுவது வெறும் வழக்கமாகாது. அம்மா தன்னை மறக்கவில்லை, தானும் அம்மாவை மறக்கவில்லை என்று பிள்ளைக்கு உறுதியளிப்பது அதுவே. “அம்மா எப்போது வருவாள்?” என்ற கேள்விக்கு விடை தெரியாவிட்டால், தெரியாதென்றே சொல்லி, சேர்ந்து செபியுங்கள். பொய்யான தேற்றரவைப் பிள்ளைகள் எளிதில் கண்டுகொள்வார்கள்.

சில எச்சரிக்கைகளும் கூறவேண்டியவர்களாயிருக்கிறோம். செபத்தைத் தண்டனையாக்கலாகாது. குற்றம் செய்த பிள்ளையை முழங்காலில் நிறுத்திச் செபிக்கச் செய்தால், செபமும் கசந்துபோகும். அயலாரின் சமயத்தை இழித்துப் பேசலுமாகாது. ஒரே லயத்தில் அடுத்த காம்பராவில் இருப்போர் பெரும்பாலும் இந்துக்கள். தீபாவளிக்கு அவர்கள் பலகாரம் தருகிறார்கள், நத்தாருக்கு நாம் தருகிறோம். இந்நட்புறவைக் குலைக்கும் பக்தி, அயலானை நேசிக்கச் சொன்னவருடைய பக்தியாகாது. மேலும், மாலையில் வேதம் வாசித்துவிட்டு இரவில் குடித்துவந்து சண்டையிடும் தாத்தாவைப் பேரன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவன் கற்பது வாசித்ததையா, கண்டதையா என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எழுதப் படிக்க அறியாத பெரியோருக்கு ஓர் இனிய வழி உண்டு. பேத்தியை வாசிக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள். முன்னாளில் தோட்டப் பள்ளிகளிற் பல கீழ்வகுப்புகளோடு நின்றன. கொழுந்துக் கூடை பலரது படிப்பை முடித்து வைத்தது. இன்று பேத்தி வாசிக்கிறாள். பாட்டியார் அதன் பொருளை வாழ்ந்து காட்டியிருக்கிறார். எழுத்து ஒருவரிடமும் அனுபவம் மற்றவரிடமும் இருக்கையில், இருவரும் ஒரே நேரத்தில் ஆசிரியரும் மாணவரும் ஆகிறார்கள். அவளுக்கும் அதனால் பெருமை. நாளையும் தானாகவே புத்தகத்தை எடுத்து வருவாள்.

இன்றைய பிள்ளைகள் வளர்ந்ததும் மலையை விட்டு இறங்கிச் செல்வார்கள். கைப்பேசியும் நகரமும் அவர்களை அழைக்கின்றன. அவர்கள் செல்லும் இடத்தில் பாட்டியார் உடன் இருக்கப்போவதில்லை. இஸ்தோப்பில் விறகு கட்டும்போதும், பள்ளி வழியில் கைப்பிடித்து நடக்கும்போதும், சாயத்தண்ணீர் ஆறும் அந்தச் சில நிமிடங்களிலும் அவர் சொன்னவையே உடன் செல்லும். பெரியோர்களே, காணியும் பணமும் விட்டுச்செல்ல நம்மிற் பலருக்கு இல்லை. இச்செல்வமோ நம் கையில் இருக்கிறது. ஓய்வு கிடைக்கும் நாளுக்கென அதனைப் பூட்டி வையாமல், பிள்ளை அருகில் இருக்கும் இன்றே கொடுக்கத் தொடங்குவோமாக.