இளநீலம் அடிக்கும் முன்

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். தாம்பரம் பக்கம் தரைத்தளத்தில் குடியிருந்து, அறைக்கு இளநீலம் அடிக்க நினைப்பவர்கள் இந்த வழக்கத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை பெய்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்த முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற தாழ்வான இடங்களில், ஜனவரி வெயிலுக்கு மேல்பூச்சு காய்ந்தாலும் உள்ளே செங்கல் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரம் வெளியேறும்போது உப்பையும் கூட்டி வரும். வெள்ளைச் சுவரில் உப்புப் பூத்தால் அவ்வளவாகக் கண்ணில் படாது. இளநீலத்தில் திட்டுத்திட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

சோதிக்க எளிய வழி உண்டு. முழங்கால் உயரத்தில் ஓரடிச் சதுர பாலிதீன் தாளை வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் நீர் முத்து கோத்திருந்தால் மார்ச் வரை பொறுங்கள். ஆண்டு முழுவதும் ஓதம் ஏறும் சுவர் என்றால் முதலில் கசிவைத்தான் அடைக்க வேண்டும். விலை கூடிய எமல்ஷன் அதற்கு மருந்தல்ல. புதுச் சிமென்ட் பூச்சில் காரம் அதிகம் என்பதால், குறைந்தது 28 நாள் கழித்தே பட்டியும் ப்ரைமரும்.

அடுத்தது வெளிச்சம். பலரும் சறுக்குவது இங்கேதான். கடையின் ட்யூப்லைட்டில், கட்டைவிரல் அகல அட்டையில் பார்த்த நீலம், நான்கு சுவரிலும் ஏறியதும் ஒரு படி அழுத்தமாகத் தெரியும். எனவே பிடித்த நிறத்துக்கு ஒரு படி வெளிறியதை எடுங்கள். வடக்கு ஜன்னல் அறையில் நீலம் இன்னும் குளிர்ந்து தெரியும். சாம்பல் கலந்த நீலம் அங்கே சோர்வாகிவிடும். மேற்கு ஜன்னலில் மாலை வெயில் நீலத்தைச் சற்றே மங்க வைக்கும். சேலையூர், மேடவாக்கம் அடுக்ககங்களில் இன்னொரு சிக்கல்: ஜன்னலுக்கு நேரெதிரே பக்கத்து வீட்டுச் சுவர். அது கிளிப்பச்சை என்றால், உங்கள் நீலத்திலும் பச்சை கலந்துதான் தெரியும். நம் ஊரில் இது அபூர்வமல்ல!

அதனால் சின்ன டப்பா ஒன்று வாங்கி, எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டடிச் சதுரமாக அடித்து, காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் பாருங்கள். எமல்ஷன் காய்ந்தால் பெரும்பாலும் சற்று அடர்த்தியாகும். இரவில் 6500 கெல்வின் எல்இடி விளக்கு இளநீலத்தை ஆஸ்பத்திரி வார்டு போல ஆக்கிவிடும். 3000 கெல்வினில் அது பச்சைக்கோ சாம்பலுக்கோ சாயும். என் தேர்வு 4000.

நீலம் அடித்தால் அறை குளிரும் என்பது கண்ணுக்கு மட்டும். மேல்மாடி வீட்டில் வெப்பம் கூரை வழியே இறங்குகிறது. மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தால்தான் பலன் கிடைக்கும்.

குரோம்பேட்டையின் பழைய தனி வீடுகளில் சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால் அதிர்ஷ்டம்: இளநீலத்துக்கு அதைவிட நல்ல துணை இல்லை. கதவைத் தேக்கு நிறத்திலேயே விடுங்கள். கூரைக்கு மட்டும் நீலம் வேண்டாம்.

பத்துக்குப் பன்னிரண்டடி அறை, பத்தடி உயரம் என்றால், கதவு ஜன்னல் போகச் சுவர் சுமார் 400 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு ஆறேழு லிட்டர் பிடிக்கும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கலக்கச் சொல்லுங்கள். மறுமுறை கலந்தால் நிறம் நூலளவு மாறலாம். மீதியை நிற எண் எழுதி, மூடி இறுக்கி வைத்திருங்கள். ஸ்விட்ச் போர்டு ஓரத்தில் கைபட்டு அழுக்கேறும்போது உதவும்.