பொய் மணியும் மெய் நெருப்பும்

நுழையுமுன்

தொழிற்சாலைகளில் தீயைக் கண்டறியும் கருவிகள் சில வேளைகளில் தீ இல்லாதபோதும் மணியடிக்கின்றன. அதனால் விளையும் கேடு யாது? அதனைக் குறைக்கும் வழிகள் யாவை? இவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பொறியும் கேடும்

புணே நகருக்கு வடமேற்கே, மும்பை செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஊர் தேஹு ரோடு. படைத்தளவாடக் கிடங்குகள் உள்ள இவ்வூரில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. சுற்றிலும் பிம்பிரி, சிஞ்ச்வட், சாக்கண், தளேகாவ் எனத் தொழிற்பகுதிகள் பரந்து கிடக்கின்றன. நம் வீட்டுப் பெரியோர் பலர் நாள்தோறும் வேலைக்குச் செல்லும் இடங்கள் இவை.

இத்தகைய இடங்களில் சிறு பொறியும் பெருங்கேடாக மாறக்கூடும். தேஹு ரோட்டுக்கு அருகில் உள்ளது தலவடே. அங்குப் பிறந்தநாள் விழாக்களில் பொறி சிதறும் மெழுகுவத்திகளைச் செய்த கூடமொன்றில், 2023 டிசம்பர் 8 அன்று தீப்பற்றியது. அன்றே ஆறு பேர் உயிரிழந்தனர். காயமுற்றோருள் மேலும் சிலர் பின்னர் இறந்தனர். தீ பரவத் தொடங்கியபின் தப்புவதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ஆகவே, தீ பொறியாக இருக்கும்போதே அதனைக் கண்டறிவது இன்றியமையாதது.

பொறியைக் காணும் கண்

கோயம்புத்தூர், திண்டுக்கல், இராஜபாளையம் ஆகிய ஊர்களின் நூற்பாலைகளை நம்மில் பலர் அறிவோம். அவ்வாலைகளில் பஞ்சுப் பொதிகள் முதலில் 'புளோ ரூம்' என்னும் கூடத்தில் பிரிக்கப்படுகின்றன. பஞ்சுடன் கலந்து வந்த ஆணியோ கல்லோ, வேகமாகச் சுழலும் இரும்புப் பற்களில் மோதினால் பொறி பிறக்கும். பஞ்சு அப்பொறியை உள்ளே கனல வைத்தபடி, காற்றின் இழுப்பில் குழாய் வழியாக அடுத்த இயந்திரத்துக்குப் பறந்துவிடும்.

இதனைத் தடுப்பதற்காகக் குழாயில் பொறியுணர் கருவியைப் பொருத்துகின்றனர். சூடான பொருள்கள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகின்றன. இருண்ட குழாய்க்குள் அக்கதிர் ஒரு கணம் மின்னினாலும் கருவி அதனை உணர்ந்துகொள்ளும். உடனே குழாயில் ஒரு தடுப்புக் கதவு திரும்பும், கனலும் பஞ்சு தனித்தொட்டியில் விழும், காற்றாடி நிற்கும், மணி ஒலிக்கும்.

மரப்பலகை ஆலைகளில் பொறியின் மேல் நீரைத் தெளிக்கின்றனர். குழாயில் காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். கருவி உணர்ந்து நீர் பீறிட 0.3 நொடி ஆகுமெனில், அதற்குள் பொறி 6 மீட்டர் சென்றிருக்கும். ஆகவே, நீர்த்தெளிப்பானைக் கருவியிலிருந்து 6 மீட்டருக்கும் அப்பால் அமைத்தல் வேண்டும்.

பொய் மணி ஏன் ஒலிக்கிறது?

கருவி நெருப்பை நேரே அறிவதில்லை; நெருப்பின் அடையாளங்களாகிய ஒளி, வெப்பம், புகை ஆகியவற்றையே அறிகிறது. அவ்வடையாளங்கள் வேறு பொருள்களிடமும் உண்டு. குழாயின் பழுதான மூடி வழியே நுழையும் வெயிற்கீற்று, கருவிக்குப் பொறியாகத் தோன்றலாம். பக்கத்தில் நடைபெறும் வெல்டிங் வேலையின் ஒளி, தீச்சுடராகத் தோன்றலாம். நீராவியும் பறக்கும் தூசும் புகையாகத் தோன்றலாம்.

பொய் மணியால் ஆலை நிற்கும், உற்பத்தி குறையும். ஆயினும், அவற்றினும் பெரிய இழப்பு நம்பிக்கை இழப்பே. 'புலி வருகிறது' என்று பலமுறை பொய்யாகக் கூவிய சிறுவனின் கதையை நாம் அறிவோம். உண்மையாகவே புலி வந்த நாளில் அவன் குரலுக்கு எவரும் செவிசாய்க்கவில்லை. அடிக்கடி பொய்யாக ஒலிக்கும் மணியின் நிலையும் அதுவே. முதலில் மக்கள் அதனைப் பொருட்படுத்தாமல் இருப்பர். பின்னர் ஒருநாள் அதன் இணைப்பையே துண்டித்துவிடுவர்.

மணியைப் புறக்கணித்ததன் விளைவை வங்காளதேசம் கண்டது. 2012 நவம்பர் 24 அன்று, டாக்கா நகருக்கு அருகிலுள்ள தஸ்ரீன் ஆடை ஆலையில் தீப்பற்றியது. தீ மணி ஒலித்தது. ஆனால், தங்களை வேலைக்குத் திரும்புமாறு மேற்பார்வையாளர்கள் கூறியதாக உயிர் தப்பிய தொழிலாளர்கள் தெரிவித்தனர். அத்தீயில் குறைந்தது 112 பேர் மாண்டனர்.

பொய்யைக் குறைக்கும் வழிகள்

பொய் மணி மிகுந்தால், கருவியின் உணர்திறனைக் குறைத்துவிடலாம் என்று சிலர் எண்ணுவர். அது தவறு. உணர்திறன் மிகக் குறைந்தால் மெய்யான பொறியும் தப்பிவிடும். கருவியின் வாயை அடைப்பதைவிட, அது மெய்யையும் பொய்யையும் பிரித்தறியச் செய்வதே சரியான வழி.

முதலாவது, நெருப்புக்கே உரிய அடையாளத்தைத் தேடுதல். மரம், துணி, எண்ணெய் முதலியவை சுடர்விட்டு எரியும்போது சூடான கரியமில வாயு உண்டாகிறது. அது ஏறத்தாழ 4.4 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை மிகுதியாக வெளியிடும். சூரிய ஒளியில் உள்ள அதே அலைநீளக் கதிரைக் காற்றுமண்டலத்தின் கரியமில வாயு வரும் வழியிலேயே பெரும்பாலும் உறிஞ்சிவிடுகிறது. எனவே, அந்த அலைநீளத்தை மட்டும் நோக்கும் கருவியை வெயில் எளிதில் ஏமாற்ற இயலாது. மேலும், தீச்சுடர் நொடிக்குச் சில முறை அசைந்தாடும். விளக்கின் ஒளியோ அவ்வாறு ஆடுவதில்லை. இவ்வேறுபாட்டையும் கருவி கணக்கில் கொள்கிறது.

இரண்டாவது, இரு சான்றுகளைக் கேட்டல். புற ஊதாக் கதிரை உணரும் கருவியை வெல்டிங் ஒளி ஏமாற்றும். அகச்சிவப்புக் கதிரை உணரும் கருவியைச் சூடான இயந்திரம் ஏமாற்றக்கூடும். இரண்டும் ஒருசேர 'தீ' என்று சொன்னால் மட்டுமே மணியடிக்குமாறு அமைத்தால் பிழை குறையும். ஒரு சாட்சியின் சொல்லை மற்றொரு சாட்சியைக் கொண்டு உறுதிசெய்வது போன்றது இது.

மூன்றாவது, பொறிகளை எண்ணுதல். ஒரு பொறி தோன்றினால் நீரை மட்டும் தெளித்து ஆலையை ஓடவிடலாம். குறுகிய நேரத்தில் பல பொறிகள் தோன்றினால் ஆலையையே நிறுத்துதல் வேண்டும். இம்முறையில், ஒருகால் பொய்யாக ஒரு பொறி பதிவானாலும் சிறிது நீரே வீணாகும்.

நான்காவது, பராமரிப்பு. கருவியின் கண்ணாடியில் பஞ்சுத் தூசு படிந்தால் அதன் பார்வை மங்கும். ஆகவே, அதனை முறையாகத் துடைத்துச் சோதித்தல் வேண்டும். குழாயில் வெளிச்சம் புகும் இடுக்குகளை அடைத்தல் வேண்டும். பஞ்சிலுள்ள இரும்புத் துண்டுகளைக் காந்தத்தால் முன்கூட்டியே நீக்கினால் பொறி பிறப்பதே குறையும்.

ஐந்தாவது, மனித ஒழுங்கு. வெல்டிங் நடைபெறும் பகுதியில் கருவியைச் சிறிது நேரம் நிறுத்த நேர்ந்தால், உரிய அனுமதியை எழுத்தில் பெறுதல் வேண்டும். அந்நேரத்தில் தீயணைப்பானுடன் ஒருவர் காவல் நிற்றல் வேண்டும். வேலை முடிந்த பின்னரும் கனல் ஏதும் எஞ்சவில்லை என்பதை உறுதிசெய்து, கருவியை மீண்டும் இயக்குதல் வேண்டும். பொய் மணி ஒவ்வொன்றின் காரணத்தையும் ஆராய்ந்து பதிவேட்டில் எழுதுதலும் வேண்டும். காரணம் அறியாமல் மணியை நிறுத்துவது, நோயை அறியாமல் வலியை மட்டும் மறைப்பது போன்றது.

நம் கடமை

கருவி எவ்வளவு நுண்ணியதாயினும் பொய் மணியை அறவே ஒழித்தல் அரிது. ஆகவே, மணி ஒலித்தவுடன் அதனை மெய்யென்றே கொண்டு வெளியேறுதல் வேண்டும். அது பொய்யா மெய்யா என்பதை ஆராய்வது, அப்பணிக்கெனப் பயிற்சி பெற்றவர்களின் பொறுப்பு. பள்ளியில் நடைபெறும் தீப்பயிற்சியிலும் இதுவே விதி. பொய்யான மணிக்கு வெளியே வந்தவர் இழப்பது சில நிமிடங்களே. மெய்யான மணிக்கு உள்ளே இருந்தவர் உயிரையே இழக்க நேரும்.

சொற்பொருள்

கனல் – சுடரின்றி எரியும் நெருப்பு
கீற்று – மெல்லிய ஒளிக்கோடு
உணர்திறன் – உணரும் ஆற்றல்
செவிசாய்த்தல் – காது கொடுத்துக் கேட்டல்
ஒருசேர – ஒரே நேரத்தில்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நூற்பாலையில் பொறி எவ்வாறு பிறக்கிறது?
2. கருவியின் உணர்திறனை மிகக் குறைப்பது ஏன் தவறு?
3. 4.4 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை நோக்கும் கருவியை வெயில் எளிதில் ஏமாற்ற இயலாதது ஏன்?

ஆ. கணக்கிடுக.
குழாயில் காற்று நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் செல்கிறது. நீர் பீறிட 0.4 நொடி ஆகும். அதற்குள் பொறி எத்தனை மீட்டர் செல்லும்?

இ. எதிர்ச்சொல் எழுதுக.
மெய், நம்பிக்கை, இருள், வெளியே

ஈ. கேட்டு எழுதுக.
உங்கள் வீட்டுப் பெரியோரிடம், அவர்தம் பணியிடத்தில் தீ மணி ஒலித்தால் பின்பற்றும் முறையைக் கேட்டறிந்து, பத்து வரிகளில் தமிழில் எழுதுக.